மணி தந்த சிற்றாறு

பேராறுகளுக்குப் புலவர் பலர் உளர். காவிரியைப் பாடாத காலமில்லை. வையைக்குப் பரிபாடல் உண்டு. பொருநைக்கும் பெண்ணைக்கும் தத்தமக்குரிய புகழ் உண்டு. சிற்றாறுகளின் நிலை வேறு. தேசப்படத்திலே மெல்லிய நீலக் கோடாக வளைந்து சென்று ஒரு பேராற்றின் பக்கத்திலே முடிந்துவிடும் அவற்றை, மாணவன் பரீட்சைக்காக ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கிறான், பின்னர் மறந்துவிடுகிறான். கரையிலே வாழ்வார்க்கே சில வேளைகளில் அவற்றின் பழம்பெயர் தெரிவதில்லை.

எனினும், ஒரு சமுதாயத்தின் தொழிலறிவையும் பொருளாசையையும் அளந்தறிவதற்குப் பேராற்றினும் சிற்றாறே தக்க அளவுகோலாகும். பேராறு மக்கள் செய்வதைப் பெரிதும் பொறுக்கும்; இட்டதை இழுத்துச் சென்று கடலிற் சேர்க்கும். சிற்றாற்றுக்கு அத்துணைப் பொறை இல்லை. கரையிலுள்ளார் செய்த நன்றும் தீதும் அதன் நீரிலே விரைந்து தெரியும்.

இதற்குத் தக்க சான்று தமிழகத்தின் கொங்கு நாட்டிலே ஓடும் நொய்யலாறு. சேரர் காலத்தில் மணி கோத்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த கம்மியரை வளர்த்தது அவ்வாறு. நமது காலத்தில், உலகின் பல நாட்டாரும் அணியும் பின்னலாடைக்கு நிறமூட்டியதும் அதுவே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்விரு தொழில்களும் தமக்குப் பின்னே எவற்றை விட்டுச் சென்றன என்று ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாம்.

ஆறும் பெயரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய வெள்ளியங்கிரிச் சாரலிலே பல சிற்றோடைகள் பிறக்கின்றன. அவை கூடி நொய்யலாகிக் கிழக்கு நோக்கி இறங்குகின்றன. ஆலாந்துறை, பேரூர், கோயம்புத்தூர், சூலூர், திருப்பூர் ஆகிய ஊர்களைத் தொட்டும் அணுகியும் சென்று, கொடுமுடிக்கு அண்மையில், கரூர் மாவட்டத்து நொய்யல் என்னும் ஊரருகே காவிரியிற் கலக்கிறது ஆறு. அதன் நீளத்தை 160 கிலோமீற்றர் முதல் 180 கிலோமீற்றர் வரை பலவாறு கணிப்பர். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் என்னும் நான்கு மாவட்டங்களுக்கு உரியது அதன் வடிநிலம். பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீற்றர்.

கலக்கும் இடத்து ஊரின் பெயரே ஆற்றுக்கும் ஆயிற்று என்பர். அஃது எவ்வாறாயினும் பெயர் பொருத்தமானதே. நொய் என்பது உடைந்த அரிசியின் சிறு துகள். நொய்ம்மை என்பது மென்மையும் சிறுமையுமாம். இவ்வாற்றுக்குப் பழம்பெயர் ஒன்றும் உண்டு. கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணம் இதனைக் காஞ்சிமாநதி என்று போற்றுகிறது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், செங்குட்டுவனைப் பாடுமிடத்து, காஞ்சியாற்றின் பெருந்துறையைப் பரணர் குறிக்கிறார். அக்காஞ்சி நொய்யலே என்று கொள்வாரும் உளர்.

நிலத்தின் இயல்பை ஈண்டு மனத்திற் கொள்ளவேண்டும். மலையுச்சியிலே மழை மிகுதி. மலையடியைக் கடந்து சமவெளிக்கு வந்தால் மழை குறைவு. தென்மேற்குப் பருவக் காற்றின் நீரைப் பெரும்பாலும் மலையே வாங்கிக்கொள்கிறது. ஆதலின் நொய்யல், தலையிலே நீரும் உடலிலே வறட்சியும் உடைய ஆறு. மழைக்காலத்திற் சில நாள் பெருகும். பின்னர் மணலிற் கோடிழுத்தாற்போல மெலியும். வழுக்கையாறு ஒன்றையே காட்டி, ஆறு என்பது யாது என்று பிள்ளைகளுக்கு விளக்கவேண்டிய நிலையிலுள்ள யாழ்ப்பாணத்து ஆசிரியர்க்கு இவ்வியல்பைப் பெரிதும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்துணை மெலிந்த ஆற்றின் கரையிலே பெருந்தொழில் எவ்வாறு தோன்றியது? விடை நீரின் அளவில் இல்லை. ஆறு கிடக்கும் இடத்தில் உள்ளது. வெள்ளியங்கிரிக்குத் தெற்கே மலைத்தொடர் திடீரெனத் தாழ்ந்து வழிவிடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். மேலைக் கடற்கரையிலுள்ள முசிறியிலிருந்து புறப்பட்ட வணிகன், மலையேறும் வருத்தமின்றி அவ்வழியாகக் கொங்கு நாட்டிற் புகலாம். புகுந்தபின் நொய்யற் கரையைப் பற்றிக்கொண்டு கிழக்கே நடந்தாற் கருவூரை அடையலாம்; அங்கிருந்து காவிரிக் கரை அவனைப் பூம்புகார் வரை கொண்டுசெல்லும். இரு கடல்களையும் இணைத்த பெருவழியிலே நொய்யல் ஒரு கைகாட்டி மரமாக நின்றது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலே உரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தமை இதற்குச் சான்றாம்.

பதிற்றுப்பத்தின் ஊர்

பதிற்றுப்பத்தை உ. வே. சாமிநாதையர் 1904ஆம் ஆண்டில் அச்சிற் பதிப்பித்தார். அந்நூலின் ஏழாம் பத்தைச் செல்வக்கடுங்கோ வாழியாதன்மேற் கபிலரும், எட்டாம் பத்தைப் பெருஞ்சேரல் இரும்பொறைமேல் அரிசில்கிழாரும் பாடினர். 67ஆம் பாட்டிலும் 74ஆம் பாட்டிலும் கொடுமணம் என்றோர் ஊர்ப்பெயர் வருகிறது. வேலைப்பாட்டாற் சிறந்த அரிய கலங்களுக்கு அவ்வூர் பெயர்பெற்றது என்பது அரிசில்கிழார் வாக்கின் பொருள். பந்தர் என்னும் ஊர் முத்துக்குப் புகழ்பெற்றது என்றும் உடன் கூறுகிறார்.

பாடம் சொல்லும் நாங்கள் நெடுங்காலம் இவ்விடத்தில் "கொடுமணம் என்பது ஓர் ஊர்" என்று உரைத்து மேற்செல்வதே வழக்கம். ஊர் எங்கே இருந்தது, கலம் எவ்வாறு செய்யப்பட்டது என்று மாணவர் வினாவினால், உரையிலே அதற்கு விடை இல்லை. விடை மண்ணுக்குள்ளே கிடந்தது.

ஈரோடு மாவட்டத்திலே, சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையிற் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டிலே அங்கு அகழ்வாய்வு தொடங்கினர். 1990 வரை இடையிட்டும், பின்னர் வேறு பல ஆண்டுகளிலும் ஆய்வு தொடர்ந்தது. பேராசிரியர்கள் சுப்பராயலு, இராஜன் ஆகியோர் அப்பணியில் முன்னின்றவர்கள். கொடுமணலே பதிற்றுப்பத்தின் கொடுமணம் என்பது இன்று அறிஞர் பலர்க்கும் உடன்பாடு.

அங்கே கிடைத்தவை யாவை? முற்றுப்பெற்ற மணிகள் மாத்திரம் கிடைத்திருப்பின், பிறநாட்டிலிருந்து வாங்கப்பட்டவை என்று கூறி ஒதுக்கிவிடலாம். அங்குக் கிடைத்தவற்றுள் பெரும்பகுதி முற்றுப்பெறாதவை. உடைக்காத கல், உடைத்த கல், செதுக்கிய கல், தேய்த்த கல், துளையிடத் தொடங்கி இடையிலே பிளந்துபோன கல், அவற்றினின்று தெறித்த சில்லுகள் என மணி பிறந்து வளரும் பருவம் ஒவ்வொன்றும் அம்மண்ணிலே கிடந்தது. பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், அகேற்று எனக் கல்வகையும் பல. ஒரு கல்லறையில் மாத்திரம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. சங்கறுத்து வளை செய்ததற்கும் அடையாளம் உண்டு.

கற்கள் வந்த வழியும் நோக்கற்பாலது. பளிங்கும் பச்சைக்கல்லும் அண்மையிலேயே கிடைப்பன. காங்கேயத்தை அடுத்த படியூரிலே பச்சைக்கற் சுரங்கம் ஒன்றை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் தோண்டினர். பச்சைக்கல் இந்தியாவிலன்றிப் பிறவிடத்து அரிது என்று உரோமானியராகிய பிளினி எழுதினமையும் ஈண்டு நினைக்கத்தகும். சூதுபவளமும் அகேற்றும் குசராத்து முதலிய வடமேற்குப் புலங்களிலிருந்து வந்திருத்தல் வேண்டும். ஆங்குக் கிடைத்த ஒருவகை நீலமணிக் கல்லாகிய இலாபிசு இலசூலியின் தாயகம் ஆப்கானித்தானத்து மலை. அத்துணைத் தூரத்துக் கல்லும் நொய்யற் கரைக் கம்மியன் கையிலே வந்து மணியாயிற்று.

மணியோடு இரும்பும் அங்கே செய்யப்பட்டது. சென்னிமலைப் பக்கத்து மணலிலும் பாறையிலும் இரும்புக்கனி உண்டு. கொடுமணலில் உலைகளும், காற்றூதும் துருத்திக்குரிய மண்குழாய்களும், இரும்புக் கசடும் வெளிப்பட்டன. மூசையிலே இரும்பை இட்டு உருக்காக மாற்றுதற்குரிய உலையும் கண்டறியப்பட்டது. நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டுகளும் அங்கே கிடைத்தன. பிற்காலத்துத் திருப்பூரை நினைக்கும்போது இச்சிறு வட்டுகள் பெரும் பொருளுடையனவாகின்றன.

பெயர் எழுதிய ஓடுகள்

இவை யாவற்றினும் உள்ளத்தைக் கவர்வன பானையோடுகள். தமிழிப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஐந்நூறுக்கும் மேலாக அங்குக் கிடைத்துள்ளன. ஆதன், கண்ணன் போன்ற பெயர்கள் அவற்றிலே காணப்படுகின்றன. வடபுலத்துப் பாகதச் சாயல் பெற்ற பெயர்களும் உள. வணிகர் குழுவைச் சுட்டும் நிகமம் என்னும் சொல்லும் ஓர் ஓட்டில் உண்டு. அரசன் ஆணையாற் கல்லிலே வெட்டப்பட்ட எழுத்தல்ல இவை. தமது கலத்தைத் தாமே அறிந்துகொள்வதற்காக ஊரவர் கீறிய எழுத்து. இரும்பும் கல்லும் தொட்டுக் காய்த்த கைகள் எழுத்தையும் அறிந்திருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று யாது வேண்டும்?

நொய்யல் காவிரியோடு கூடும் இடத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லாத புகழூர்க் குன்றிலே, சேரர் மூன்று தலைமுறையைக் கூறும் தமிழிக் கல்வெட்டு உண்டு. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்பன அதிற் காணும் பெயர்கள். அவரைப் பதிற்றுப்பத்தின் பிற்பகுதிச் சேரரோடு ஒப்பிட்டுக் காட்டுவர். அக்குன்றிலேயே கருவூர்ப் பொன் வணிகன் ஒருவனும் குறிக்கப்படுகிறான். ஆற்றின் நடுவிலே கம்மியன், முடிவிலே பொன் வணிகன், இருவர்க்கும் மேலே சேரன், அவன் அவையிலே கபிலர்: இலக்கியமும் தொழிலும் ஒரே ஆற்றின் கரையிற் கூடியிருந்த காட்சி இது.

மேலைநாட்டு வணிகம் தளர்ந்தபின், கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவிற் கொடுமணத்தின் சிறப்பும் ஒடுங்கியது. உலை அணைந்தது. ஆயினும் அத்தொழிலின் எச்சம் யாவும் அவ்விடத்திலேயே கிடந்தது. கற்சில்லு எங்கே தெறித்ததோ அங்கேயே கிடந்தது. கசடு கொட்டிய இடத்திலேயே உறைந்தது. ஈராயிரம் ஆண்டு கழித்து ஒருவன் மண்வெட்டியோடு வந்து அவற்றை எடுத்து வரலாறு எழுத முடிந்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

குளமும் கிணறும்

இடைக்காலத்திலே நொய்யல் உழவுக்குரிய ஆறாயிற்று. மழைக்காலத்துச் சில நாட் பெருக்கை ஆண்டு முழுவதற்கும் வைத்து உண்பது எவ்வாறு என்பதே கொங்கு உழவனின் கேள்வி. ஆற்றின் குறுக்கே தாழ்ந்த தடுப்பணைகளைக் கட்டினான். அவற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினான். வாய்க்கால் நிரப்பும் குளங்களைத் தொடராக அமைத்தான். ஒரு குளம் நிரம்பினால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்குச் செல்லும். கோயம்புத்தூரின் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம், அப்பாற் சூலூர்க் குளம் என்பன இத்தொடரைச் சார்ந்தவை. வன்னியிலே குளங்களைக் கண்டு வளர்ந்தவர்க்கு இவ்வேற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும்.

குளத்துக்கு எட்டாத மேட்டு நிலத்திலே கிணறு தோண்டினர். நாம் துலா மிதித்து இறைத்தோம். அவர்கள் எருது பூட்டிக் கவலை இறைத்தனர். பாறையைப் பிளந்து ஆழ்ந்து சென்ற அக்கிணறுகளுக்கு ஊற்றுக்கண் ஆற்றினதும் குளத்தினதும் கசிவே. ஆதலின், நொய்யல் என்பது கண்ணாற் காணும் நீரோட்டம் மாத்திரம் அன்று. அதன் இருபக்கத்துக் கிணறுகளிலும் ஓடிய நீரும் அதுவேயாம்.

பஞ்சும் பனியனும்

கொங்கு நாட்டின் ஒரு பகுதி கரிசல் மண். பருத்திக்கு ஏற்ற அம்மண்ணும் வறண்ட காற்றும் பஞ்சாலைத் தொழிலை அழைத்தன. ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1888ஆம் ஆண்டிலே கோயம்புத்தூரில் முதலாவது நூற்பாலையைத் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. அதன்பின் ஆலைகள் விரைந்து பெருகின.

கிழக்கேயுள்ள திருப்பூர் முதலிற் பருத்திச் சந்தையாகவும் கதர் உற்பத்தி செய்யும் இடமாகவும் பெயர்பெற்றது. 1932ஆம் ஆண்டு சனவரியிலே தேசக்கொடியை ஏந்திச் சென்று, பொலிசாரின் அடிபட்டு உயிர்நீத்த குமரன் அவ்வூரில் தொழில் செய்தவர். கொடிகாத்த குமரன் என்று தமிழுலகம் போற்றும் அவர் வீழ்ந்தது நொய்யற் கரைப் பக்கத்திலேயே ஆகும். 1920களிலும் 1930களிலும் பின்னற்பொறிகள் அவ்வூருக்கு வந்தன. வெள்ளைப் பனியன் பின்னும் ஊராக நெடுங்காலம் அது விளங்கியது.

1970களின் இறுதியிலே பிறநாட்டு வணிகர் திருப்பூரை நாடினர். 1980களில் ஏற்றுமதி பெருகியது. வெள்ளைப் பனியனுக்குப் பதிலாக நிறமுள்ள ஆடைகள் வேண்டப்பட்டன. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியிற் பெரும்பங்கு திருப்பூரினதாயிற்று. வானம் பார்த்த நிலத்தை விட்டு வந்த உழவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் ஆங்கே வேலை கிடைத்தது. பிற மாவட்டங்களிலிருந்தும் பின்னர்ப் பிற மாநிலங்களிலிருந்தும் பல்லாயிரவர் வந்து குடியேறினர். இதனைக் குறைத்துக் கூறுதல் நடுவுநிலைமை ஆகாது. வறுமையினின்று பலரைக் கரையேற்றியது அத்தொழில்.

நிறம் கேட்ட விலை

இங்கே சாயமிடுதலின் நுட்பம் ஒன்றை அறிதல் வேண்டும். பழங்காலத்திற் செந்நிறம் சாயவேரிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேர் அரசினர்க்கு வருவாய் தந்த பொருள்களுள் ஒன்று. வேரை இடித்து ஊறவைத்து, படிகாரம் முதலியவற்றின் துணையோடு துணியில் நிறம் ஏற்றினர். வேலை மெதுவானது, செய்யும் அளவும் சிறிது.

இக்காலத்துப் பருத்தி ஆடைக்குப் பயன்படுவன இரசாயனச் சாயங்கள். நீரிலே பருத்தியிழைக்கும் அச்சாயத்துக்கும் ஒரேவகை மின்னேற்றம் உண்டாகிறது; அதனால் ஒன்றையொன்று தள்ளும். அப்பகையைத் தணித்துச் சாயத்தை இழையோடு சேர்ப்பது உப்பு. அடர்ந்த நிறமாயின் ஓர் இலீற்றர் நீருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் உப்பிடுவர். தூது சென்று இருவரைக் கூட்டிவைத்தவன் தான் விலகிக்கொள்வதுபோல, உப்பு துணியிலே தங்குவதில்லை. இட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், வெளுப்பு ஆலைகளும் சாய ஆலைகளுமாகத் திருப்பூரில் எழுநூறுக்கு மேல் இருந்தன. அவற்றின் கழிவுநீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கோடி இலீற்றர். கோடையிலே இயற்கை நீர் ஒரு நூலளவும் ஓடாத ஆற்றுக்கு இது பெருவெள்ளம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. சுண்ணாம்பு முதலியன இட்டு நிறத்தை ஓரளவு அடியிற் படியவைத்தன. உப்பு நீரிற் கரைந்த பொருள்; சுண்ணாம்புக்கு அது படியவில்லை. நீர் தெளிந்தாற்போலத் தோன்றிற்று; உவர்ப்பு அப்படியே இருந்தது.

ஆற்றின் உவர்ப்பு கிணற்றுக்கும் சென்றது. திருப்பூர் ஆலைகளே தமது ஊற்றுநீரைப் பயன்படுத்த இயலாமல், தூரத்துக் கிராமங்களின் கிணற்றுநீரை லொறிகளில் ஏற்றி வாங்கின. அவ்வாறு வாங்கிய நன்னீரும் உப்பேறி நொய்யலில் விழுந்தது.

ஓரணையின் கதை

கீழ்க்கரை உழவர்க்கு நீர் தருதற்காக ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு 1992ஆம் ஆண்டிற் பயனுக்கு வந்தது. மழைநீரைத் தேக்கிக் கோடையிலே வயலுக்கு விடுதல் அதன் நோக்கம். நோக்கம் நல்லது, தேங்கியது வேறு. மேலேயுள்ள நகரின் உப்பும் சாயமும் அங்கே தங்கின. அணை ஒரு கழிவுத் தொட்டியாயிற்று. அதன் நீரைப் பாய்ச்சினால் தென்னை வாடும், மஞ்சள் கருகும், நெல் பதராகும் என்று கண்ட உழவர், நீர் வேண்டாம் என்றனர். மழை பொய்த்த நாட்டிலே, நிரம்பிய அணையைப் பார்த்து உழவன் "நீர் வேண்டாம்" என்று கூறுவதினும் கொடிய நிலை ஒன்று உண்டோ?

இவ்வணை எழுந்த இடத்தை நோக்குக. கொடுமணலுக்கு மிக அண்மையிலே, ஆற்றின் போக்கிற் சற்றுக் கீழே உள்ளது ஒரத்துப்பாளையம். தொல்லியலார் கொடுமணலில் மணிச் சில்லுகளை எண்ணிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேதான் அண்டையில் இவ்வணை எழுந்தது. முற்காலத்துத் தொழிலின் எச்சமும் இக்காலத்துத் தொழிலின் எச்சமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

உழவர் நீதிமன்றம் சென்றனர். 2004ஆம் ஆண்டிலே, பாதிக்கப்பட்ட பல்லாயிரம் உழவர்க்கு ஈடு வழங்குமாறு அதற்கென அமைந்த ஆணையம் தீர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2006இல், ஆலைகள் கழிவுநீரை ஒரு துளியும் ஆற்றில் விடாத நிலையை எய்தவேண்டும் என்று கட்டளையிட்டது. மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தி இந்திய உச்ச நீதிமன்றமும் 2009இல் அதனை உறுதிசெய்தது. கட்டளை நிறைவேறாமையால், 2011 சனவரியிலே சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே நாளிற் பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து நின்றனர். ஆற்றைக் கெடுத்து ஈட்டிய பொருளில் அவர்கள் பங்கு சிறிது. அதன் தண்டனையில் அவர்கள் பங்கு பெரிது.

அதன்பின் வழி பிறந்தது. கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி நன்னீரைப் பிரித்தெடுத்தல், எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பைத் திடப்பொருளாக்குதல், அந்நீரையும் உப்பையும் மீண்டும் சாயமிடப் பயன்படுத்தல் என்னும் முறை மேற்கொள்ளப்பட்டது. செலவு மிகுந்த முறை இது. தாங்க இயலாத சிற்றாலைகள் பல மறைந்தன. ஏனையவை இம்முறையோடு மீண்டும் இயங்கின. ஆயினும் ஆறு தன் பழைய நிலையை எய்திவிட்டது என்று கூறுதற்கில்லை. நகரங்களின் சாக்கடை நீர் அதிற் கலப்பது இன்றும் தீராத குறை. மண்ணிலும் கிணற்றிலும் ஏறிய உப்பு எளிதில் இறங்குவதன்று.

எது எஞ்சும்?

பழையோர் யாவரும் தூயர், புதியோர் யாவரும் தீயர் என்று கூறுதல் ஆராய்ச்சி ஆகாது. கொடுமணத்து உலைகளும் கரிக்காக மரங்களை எரித்தே இருக்கும். சாயவேர்த் தொட்டியின் நீரும் எங்கோ ஊற்றப்பட்டே இருக்கும். அக்காலத்தார்க்குப் பேராலை கிடைத்திருப்பின் அவரும் இவ்வாறே செய்திருக்கக்கூடும். வேறுபாடு மனத்தூய்மையில் இல்லை. இரண்டு செய்திகளில் உள்ளது.

முதலாவது அளவு. சிற்றாறு தாங்கும் அளவுக்குள்ளே பழைய தொழில் நின்றது. இரண்டாவது எச்சத்தின் இயல்பு. கற்சில்லும் இரும்புக் கசடும் செய்தவன் வாயிலிலேயே குவிந்தன. தன் குப்பையைத் தானே நாள்தோறும் மிதித்து நடந்தான் அவன். உப்போ கரைவது, கரைந்து ஓடுவது. அது செய்தவன் கண்ணைவிட்டு அகன்று, செய்யாதவன் வயலிலே சென்று படியும். மேற்கரையான் பெற்ற ஊதியமும் கீழ்க்கரையான் பெற்ற நட்டமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். அக்கணக்கை இரண்டு ஏடுகளில் எழுதிவைத்தமையாலேயே இத்துணைத் தீங்கு விளைந்தது. நீதிமன்றம் செய்தது அவ்விரண்டு ஏடுகளையும் ஒன்றாகக் கட்டியதே.

இது கொங்கு நாட்டுக்கு மாத்திரம் உரிய செய்தி என்று நாம் இருத்தல் தகாது. ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்குச் சுண்ணக்கற் பாறையின் உள்ளே தேங்கும் நீரே ஆறு. ஒரு வளவிலே மண்ணிற் கரைந்து இறங்கியது அயல் வளவுக் கிணற்றிலே ஊறும். மேற்கரையும் கீழ்க்கரையும் நமக்குக் கண்ணிற் படாமல் நிலத்தின் கீழே உள்ளன.

ஆசிரியப் பெருமக்கள் பதிற்றுப்பத்திற் கொடுமணம் என்னும் சொல்லை அடையும்போது, "அஃது ஓர் ஊர்" என்று கூறிக் கடந்துவிடாமல், சற்றே நிற்பாராக. தேசப்படத்தை விரித்து அம்மெல்லிய நீலக் கோட்டைக் காட்டுக. மணி எவ்வாறு துளையிடப்பட்டது என்று சொல்லுக. பெயர் கீறிய ஓட்டைப் பற்றிச் சொல்லுக. உடன், அண்டையிலுள்ள அணையின் உப்பைப் பற்றியும் சொல்லுக. கபிலரும் அரிசில்கிழாரும் அறிந்த ஊரை அவர்கள் பாட்டு ஈராயிரம் ஆண்டு காத்துத் தந்தது. அவ்வூரை வளர்த்த ஆற்றை அடுத்த தலைமுறைக்குக் காத்துக் கொடுத்தல், அப்பாட்டைக் கற்றவர்க்கும் கடனாம்.